நிலம் அளந்த லாம்டன்

திருக்கழுக்குன்றத்து வேதகிரியின் உச்சி ஏறத்தாழ 500 அடி உயரமுடையது. படியேறி அங்கு நிற்பார்க்குக் கீழே பக்தவத்சலேசுவரர் திருக்கோயிற் கோபுரங்களும், சங்கு தீர்த்தத்தின் பரந்த நீர்ப்பரப்பும், அப்பால் வயல்களும் ஏரிகளும் சிறு குன்றுகளும் புலனாகும். இத்தலத்தின் பெருமையை நம் மாணவர் அறிவர். நண்பகலில் அமுது கொள்ள வந்த கழுகுகளைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டுமிருப்பர். ஆயின், இவ்வூருக்கு அணித்தே கண்ணுக்குப் புலனாகாத கோடொன்று செல்வதை அறிந்தார் சிலரே. திருக்கழுக்குன்றம் 12 பாகை 36 கலை வட அட்சத்தில் உள்ளது. அதற்குத் தெற்கே ஏறத்தாழ நாலரை மைல் தொலைவில் 12 பாகை 32 கலைக் கோடு செல்லுகின்றது. பூமியின் வடிவை உணர்தற்பொருட்டுச் சோழமண்டலக் கரையில் ஒருவர் அளந்த பாகையின் நடுவிடம் இதுவே. அங்ஙனம் அளந்தவர் வில்லியம் லாம்டன் என்பவர். அவருடைய வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஓர் அந்நியப் பட்டாளத்து அதிகாரியின் வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். நாள்தோறும் புதிய கருவிகள் நம் கைக்கு வருகின்றன. அவற்றைக் கற்க அஞ்சுவாரும் உளர். கல்லாமலே கையாளத் துணிவாரும் உளர். கற்கும் வயது கடந்துவிட்டது என்று ஒதுங்குவாரும் உளர். இம்மூவர்க்கும் லாம்டனுடைய வாழ்க்கையில் விடை உண்டு. அதனாலேயே அதனை எடுத்துக்கொண்டோம்.

இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த எளிய குடும்பமொன்றில் 1753-ஆம் ஆண்டிலோ அதனை ஒட்டியோ லாம்டன் பிறந்தார். சிற்றூர்ப் பள்ளியிற் கணிதத்தில் நாட்டங் கொண்டார். 1781-இல் 33-ஆம் காலாட்படையிற் சிறு பதவி பெற்று அமெரிக்கப் போருக்குச் சென்றார். அப்போர் ஆங்கிலேயர்க்குத் தோல்வியாய் முடிந்தபின், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் வசமிருந்த நியூ பிரன்ஸ்விக் பகுதியிற் படைவீடுகளின் மேற்பார்வையாளராக ஏறத்தாழ 13 ஆண்டுகள் கழித்தார். பனியும் காடும் சூழ்ந்த அவ்விடத்திற் பதவி உயர்வுக்கு வழியில்லை; புகழுக்கும் வழியில்லை. அத்தகைய இடத்திற் காலம் போக்குவதற்குச் சீட்டும் மதுவும் பலர்க்குத் துணையாவன. லாம்டன் கணித நூல்களைத் துணைக்கொண்டார். முப்பது வயதுக்கு மேல், ஆசானின்றித் தாமே உயர்கணிதமும் வானநூலும் நில அளவையும் பயின்றார். சூரிய கிரகணம் ஒன்றை நோக்கியதில் ஒரு கண்ணின் பார்வை பழுதுற்றது என்பர். ஆயினும் பயிற்சியை விட்டாரல்லர். இக்கல்வி தமக்கு எங்குப் பயன்படும் என்பதை அவர் அந்நாளில் அறிந்திருக்க முடியாது.

பழைய படைப்பிரிவு கிழக்கே அனுப்பப்பட்டபொழுது அவரும் இந்தியா வந்து சேர்ந்தார். அதன் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு எனப் புகழ்பெற்றவர் இவரே. 1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிராக நடந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில், தளபதி பேர்டு என்பவர் ஓர் இரவு தம் படையை நடத்திச் சென்றார். உடன் சென்ற லாம்டன் வானத்து விண்மீன்களை நோக்கி, படை தன் பாசறைக்குத் திரும்பவில்லை, பகைவர் இருக்கும் திசையை நோக்கியே போகின்றது என்று எச்சரித்தார். தளபதி முதலில் நம்பவில்லை. பின்னர் விளக்கொளியிற் காந்த ஊசியைப் பார்க்க, லாம்டன் கூறியதே மெய்யாயிற்று. பனிநாட்டிற் பொழுதுபோக்காகக் கற்ற வானநூல் ஒரு படையைக் காத்தது. கல்வி எங்குப் பயன்படும் என்பதற்கு முதல் விடை இவ்வாறு கிடைத்தது.

போர் முடிந்ததும் லாம்டன் பெரியதொரு திட்டத்தை அரசாங்கத்தார் முன் வைத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரையில் நிலம் முழுவதையும் முக்கோணங்களாக வகுத்து அளக்க வேண்டும் என்பதே அது. அதற்கு முன்னரும் இந்நாட்டில் நிலம் அளக்கப்பட்டதுண்டு. நம் செங்கற்பட்டுச் சீமை கும்பினியாருக்கு ஜாகீராக வந்தபின், 1767 முதல் 1774 வரையில் பர்னார்டு என்பவர் அதன் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஆனால் அவ்வளவை வரியின்பொருட்டு எழுந்தது. லாம்டனோ வேறொரு வினாவையும் சேர்த்து எழுப்பினார். பூமி துருவங்களிற் சற்றே தட்டையானது என்று நியூட்டன் கணித்திருந்தார். அங்ஙனமாயின், பூமத்திய ரேகைக்கு அருகே ஒரு பாகையின் நீளம் குறைந்தும் துருவத்தை நோக்கிச் செல்லச்செல்ல மிகுந்தும் இருத்தல் வேண்டும். பிரெஞ்சு அறிஞர் 1730-களில் பெரு நாட்டிலும் லாப்லாந்திலும் சென்று அளந்து இதனை மெய்ப்பித்தனர். ஆயினும் தட்டையின் அளவைத் திட்டமாகச் சொல்ல மேலும் பல இடங்களில் அளத்தல் வேண்டும். அதற்குத் தென்னிந்தியா தக்க இடம் என்று லாம்டன் கருதினார்.

இத்திட்டத்தை எல்லாரும் வரவேற்றாரல்லர். ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புவோன் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னாற் போதுமே, இத்துணைப் பொருட்செலவு எதற்கு என்று பணப்பொறுப்பில் இருந்த அதிகாரி ஒருவர் ஏளனஞ் செய்ததாகச் சொல்வர். இந்நகையாட்டை நாம் எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. உடனடிப் பயன் யாதென்று கேட்பது பணப்பெட்டியைக் காப்போர் கடமை. ஆயின் உடனடிப் பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் புதிய கலை எதுவும் தொடங்கப்படாது. வெல்லெஸ்லியின் ஆதரவும் ஆளுநர் கிளைவ் பிரபுவின் இசைவும் கிடைத்தமையால் வேலை தொடங்கிற்று.

கருவிகள் வந்த வரலாறே ஒரு கதையாகும். இங்கிலாந்திற் புகழ்பெற்ற ராம்ஸ்டன் என்பவர் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி ஒன்று, 1793-இல் சீனப் பேரரசர்க்குக் காணிக்கையாகச் சென்று, ஏற்றுக்கொள்ளப்படாமல், தூதுக்குழுவிலிருந்த டின்விடி என்னும் அறிஞர் கைக்கு மாறிக் கல்கத்தாவை அடைந்தது. அதுவே லாம்டனுக்குக் கிடைத்தது. கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட்டை லண்டனில் கேரி என்பவர் செய்தார். அரை டன் எடையும் 3 அடி குறுக்களவுள்ள வட்டமும் உடையது அது. கடலில் அதனை ஏற்றிவந்த கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் சிக்க, மொரீஷியஸ் தீவுக்குச் சென்ற அக்கருவியை அங்கிருந்த ஆளுநர் பெருந்தன்மையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அறிவின் கருவிக்குப் பகை நாடு என்பது இல்லை போலும்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், அக்காலத்திற் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்திருந்த பரங்கிமலைக்கு அருகிலுள்ள சமவெளியில் லாம்டன் ஆதாரக்கோட்டை அளக்கத் தொடங்கினார். முக்கோண அளவையின் முறையை மாணவர் அறிவர். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றைப் பக்கங்களைக் கணித்துவிடலாம். அவ்வாறு கணித்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு ஆதாரமாகும். இவ்வாறு முக்கோணத்தோடு முக்கோணத்தைப் பிணைத்துக்கொண்டு, சங்கிலி தரையிற் படாமலே, மலையினின்று மலைக்கும் ஆற்றைத் தாண்டி அக்கரைக்கும் செல்லலாம். ஆனால் முதற்பக்கம் ஒன்றை மட்டும் தரையின் மீதே அளந்தாக வேண்டும். அதிற் பிழை நேர்ந்தால் அப்பிழை குலத்தில் நேர்ந்த பழிபோல் எல்லா முக்கோணங்களையும் தொடரும்.

ஆகையால் அவர் பட்ட பாடு பெரிது. சித்திரை வைகாசி வெயிலிற் சங்கிலி நீளும், நிழலிற் சுருங்கும். ஒரு டிகிரி பாரன்ஹீட்டு வெப்பம் ஏறினால் 100 அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீளும். இதனைச் சிறிதென்று விட்டால், 20 டிகிரி வேறுபாடு ஏழரை மைலில் ஏறத்தாழ 5 அடிப் பிழையாய் வளர்ந்துவிடும். எனவே சங்கிலியை முக்காலிகள் தாங்கிய மரப்பெட்டிகளுள் நேராகக் கிடத்தி, வெயில் படாமற் கூடாரங்களால் மறைத்து, வெப்பமானிகளை உடன் வைத்துக் கணக்கிட்டார். இவ்வாறு 400 முறை சங்கிலியை எடுத்து வைத்து, பெரும்பாக்கம் குன்றை நோக்கித் தெற்கே சென்று, மே மாத இறுதிக்குள் முடித்தார். கோட்டின் நீளம் 40,006 அடியும் சில அங்குலங்களும் ஆயிற்று. அந்த 6 அடியும் சில அங்குலங்களும் எவ்வளவு வியர்வையின் பயன் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பின்னர்க் குன்றுதோறும் கொடி நாட்டி முக்கோணங்களைத் தெற்கே கொண்டு சென்றார். மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி அவருடைய நிலையங்களுள் ஒன்று. சென்னைக்கு வடக்கேயுள்ள நிலையமொன்று முதல் கடலூரை அடுத்த திருவந்திபுரம் வரையில் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேற்பட்ட வில் அளக்கப்பட்டது. இரு முனைகளிலும் விண்மீன்களின் உயரத்தை நோக்கி அட்சத்தைத் துணிந்தார். அவ்வில்லின் நடுவிடமே நாம் முதலிற் கூறிய 12 பாகை 32 கலைக் கோடு. அங்கு ஒரு பாகையின் நீளம் ஏறத்தாழ 68¾ மைல் எனக் கண்டார். இன்று செயற்கைக் கோள்களின் துணைகொண்டு கணிக்கும் நீளமும் இதனோடு மிக நெருங்கி ஒத்துள்ளது. அடுத்த சில ஆண்டுகளிற் சென்னையிலிருந்து மங்களூர் வரையில் முக்கோணங்கள் சென்று சேர்ந்தன. பழைய படங்கள் 400 மைல் என்று காட்டிய அகலம் 360 மைலே என்பது தெளிவாயிற்று. நாற்பது மைல் நிலம் படத்தினின்றும் மறைந்தது. பல்லக்குத் தூக்குவோர் இருக்க அளவை எதற்கு என்ற ஏளனத்திற்கு இதனினும் தக்க விடை வேண்டுவதில்லை.

லாம்டன் ஒருவரே இவற்றைச் செய்தார் என எண்ணுதல் தவறு. 1794-இற் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. கிண்டியில் இன்று விளங்கும் பொறியியற் கல்லூரிக்கு வித்து அதுவே. அங்குப் பயின்ற இளைஞர் சிலர் அவருக்கு உதவியாளராயினர். பதின்மப் பருவத்திற் சேர்ந்த ஜோஷுவா டி பென்னிங் என்பவர் பல்லாண்டுகள் உடனிருந்து தேர்ந்த அளவையாளரானார். இவர்களன்றி, அரை டன் கருவியைத் தோளிற் சுமந்து மலையேறிய கூலியாட்களும், காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சாமற் குன்றின்மேல் பல நாள் கொடி காத்தவர்களும், வழிகாட்டிய ஊராரும் பலர். அவர்களுட் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கணக்கில் வராத அவ்வுழைப்பின் மேலேயே கணக்கு முழுவதும் நிற்கின்றது. மேலும், அளவையின் பயனை முதலில் நுகர்ந்தவர் இந்நாட்டு மக்களல்லர், கும்பினியாரே என்பதையும் மறைத்தற்கில்லை. படை செல்லவும் வரி வாங்கவும் நல்ல படம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கருவி யார் கையில் எதன்பொருட்டு இருக்கின்றது என்று கேட்பதும் கற்றார் கடமையே.

இனி, அவர் வாழ்வில் நேர்ந்த பெருஞ் சோதனையைக் கூறுவோம். 1808-இல் தஞ்சைச் சீமையில் வேலை நடந்தது. காவிரி பாயும் அந்நாட்டிற் குன்றுகள் இல்லை. எங்கும் தென்னையும் மரச்செறிவும் பார்வையை மறைத்தன. ஆகவே கோயிற் கோபுரங்களையே குன்றுகளாகக் கொள்ள நேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் 200 அடிக்கு மேற்பட்ட விமானத்தின்மேல் அப்பெருங் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினர். பாதியிற் கயிறு ஒன்று அறுந்தது. கருவி ஊசலாடிச் சுவரில் மோதிற்று. அதன் வட்டம் நெளிந்து உருக்குலைந்தது.

அந்நிலையை மாணவர் மனக்கண்ணாற் காண வேண்டும். அது போன்ற கருவி இந்நாட்டில் வேறில்லை. லண்டனுக்கு எழுதிப் புதியது பெறுவதாயின் கடிதம் போகவே பல மாதம்; செய்து வர ஆண்டுகள் ஆகும். அதுவரை வேலை நிற்கும். நின்ற வேலையை ஏளனஞ் செய்தோர் மீண்டும் தொடங்க விடுவரோ? கோபுரத்தின்மேல் ஏற்றத் துணிந்தது தவறென்று கூறப் பலர் முன்வருவர். லாம்டன் எவர்மீதும் பழி சுமத்திப் பொழுது போக்கவில்லை. தம் கூடாரத்தை அடைத்துக்கொண்டு உட்புகுந்தார். கருவியை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார். பெரிய பலகையொன்றில் வட்டத்தின் மெய்யான அளவை வரைந்து, நெளிந்த உலோகத்தை அதன்மேல் வைத்து, ஆப்புகளாலும் திருகாணிகளாலும் கப்பிகளாலும் மயிரிழை மயிரிழையாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். ஆறு வாரங்கள் இவ்வாறு கழிந்தன. அவர் அப்பொழுது ஐம்பது கடந்தவர். ஒரு கண் பழுதுற்றவர். கொல்லன் தொழில் கற்றவருமல்லர். ஆயினும் கருவியின் ஒவ்வோர் உறுப்பும் எதன்பொருட்டு அமைந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வறிவே அவர்க்குச் சுத்தியலும் உளியும் ஆயிற்று. செப்பனிட்ட கருவியைக் குறையற்றதென்று அவர் நம்பிவிடவுமில்லை. வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளைக் கொண்டு ஒரே கோணத்தைப் பலமுறை அளந்து சராசரி கண்டு, எஞ்சிய குறையை அடக்கினார். அக்கருவி மேலும் பல்லாண்டுகள் உழைத்தது. இன்றும் அது டேராடூனில் இந்திய நில அளவைத் துறையினரால் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

தஞ்சையிலிருந்து முக்கோணங்கள் குமரிமுனையின் அருகு வரையில் தெற்கே சென்றன. பின்னர் வடக்கே திரும்பித் தக்காண பீடபூமியைக் கடந்தன. 1815-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ பத்துப் பாகை நீளமுள்ள வில் அளக்கப்பட்டுவிட்டது. 1817-இல் இங்கிலாந்தின் அரச அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. பிரெஞ்சு அறிவியற் கழகமும் சிறப்புச் செய்தது. 1818-இல் அவர் தொடங்கிய வேலைக்குப் பெரிய முக்கோண அளவை என்று பெயர் தரப்பட்டது. அவ்வாண்டில் ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் அவருக்கு உதவியாளராக வந்தார். எழுபது வயதை எய்தியும் லாம்டன் ஓய்வு நாடவில்லை. நாகபுரியை நோக்கி வேலையாகச் செல்லும் வழியில், 1823-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் ஹிங்கன்காட் என்னுமிடத்திற் கூடாரத்தில் உயிர் நீத்தார். அவர் விட்ட இடத்தினின்று எவரெஸ்ட் தொடர்ந்தார். வில் இமயமலை வரையில் நீண்டது. உலகின் உயர்ந்த சிகரம் எவரெஸ்டின் பெயரைப் பெற்றது. தொடங்கியவர் பெயரையோ பரங்கிமலைச் சிலையொன்றும் சில நூல்களும் மட்டுமே தாங்கி நிற்கின்றன.

இவ்வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? துணிவு வேண்டும் என்று பலரும் சொல்வர். லாம்டனுடைய துணிவு கண்ணை மூடிக்கொண்டு குதிக்கும் துணிவன்று. எங்குப் பிழை நேரக்கூடும், அஃது எத்துணைப் பெரிதாகும் என்பதை முன்னரே கணக்கிட்டு, அதன்பின் அடி எடுத்து வைக்கும் துணிவு அது. கணக்குக்கு அப்பாற்பட்ட இடர் தஞ்சையில் நேர்ந்தபொழுது, உடைந்ததைத் தம் கையாற் செப்பனிடும் அளவுக்குத் தம் கருவியை அவர் கற்றிருந்தார். கற்றவன் துணிவதே துணிவு. கல்லாதவன் துணிவு சூதாட்டமாகும். கற்றும் துணியாதவன் கல்வியோ பூட்டிய பெட்டியிற் கிடக்கும் சங்கிலியை ஒக்கும்.

இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி நாம் நிற்கும் இடத்தை நொடிப்பொழுதிற் காட்டுகின்றது. நாற்பது நாள் வெயிலில் நின்று கோடிழுக்க வேண்டுவதில்லை. இது நமக்குக் கிடைத்த பேறே. ஆயினும் விரலால் தொட்டவுடன் விடை வருவதால், விடை எவ்வாறு வந்தது என்று வினவும் பழக்கம் நம்மிடம் தேய்ந்து வருகின்றது. கருவி பழுதுற்றால் கைகட்டி நிற்கின்றோம். பிழையான விடை தந்தாலும் நம்பிச் செல்கின்றோம். இரவில் படை வழி தவறியபொழுது வானத்தை ஏறிட்டு நோக்க ஒருவர் இருந்தார் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று. புதிய கருவியொன்று வரும்பொழுது அதனை இயக்கக் கற்பதோடு நில்லாமல், அதன் உள்ளமைப்பையும் அதன் குறையையும் சிறிதேனும் கற்றல் வேண்டும். மாணவர்க்கு மட்டுமன்று, கல்லூரியை விட்டுப் பல்லாண்டு கழிந்த பழைய மாணவர்க்கும், கற்பிக்கும் நமக்கும் இது பொருந்தும். முப்பதுக்குமேற் கணிதம் கற்று, ஐம்பதை அணுகும் வயதிற் சங்கிலி பிடித்து, ஐம்பது கடந்தபின் உடைந்த கருவியைச் செப்பனிட்டவர் முன்னிலையில், வயது கடந்துவிட்டது என்று சொல்ல நம்மில் யாருக்கு நாவெழும்?